விரல் மொழியில் நீலம்

கல்லுண்டாய் வெளி. ஞாயிறு பின்நேரம்.
சோளகம் விழுந்து
உப்புத் தரை மூச்சுப் பிடித்துக் கிடக்கிறது.
வைக்கோல் அடைத்த உரப்பை மூன்று,
இருபத்தைந்து எட்டு தள்ளி.
பக்கத்தில் குந்தியிருந்து
றெமீஜியஸ் கச்சான் உடைக்கிறான்.

இன்னும் இறகு கட்டவில்லை.
இறகில்லாத தண்டு ஒளிக்கத் தெரியாதது:
இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு,
வலப்பக்கம் விழுந்தால் தொய்வு.
"இடம்" என்கிறான்.
"இடம். பேந்தும் இடம்."
ஆறும் இடம்.

ஆஸ்பத்திரி வீதியில் எனக்குத் தொழில் பல் கட்டுவது.
ஆளைக் காணாமல்
அச்சை மட்டும் பார்த்து
ஒரு வாய்க்கு வேலை செய்வது.
மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கில்
மூங்கிலைக் காட்டி, சூடு ஆறுமுன்
உள்ளங்கையால் நிமிர்த்துவேன்.
ஒவ்வொரு கணுவும் ஒரு பிடிவாதம்.
மாவு நிறுக்கும் தராசில் பித்தளை முனைகள்,
பல் அராவும் வட்டில் நாண் பொருந்தும் வெட்டு.
முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தாலும்
கரண்ட் பில் வரும்வரை கேட்கமாட்டார்.

முனையில் பாரம் கூட்டினால் தண்டு இளகும்.
அதனால் முதலில் பாரம்,
பிறகு உப்புத்தாள்,
வாள் கடைசியில்; ஏலுமென்றால் வாளே வேண்டாம்.
அராவின தூளை ஊதிவிட்ட பிறகு
எந்தக் கடையில் போய்த் திருப்பி வாங்குவது?

நேரே போகிற அம்பு நேரே போவதில்லை.
வில்லை விலத்த ஒருக்கால் வளைந்து
மறுபக்கம் ஒருக்கால் வளைந்து
பிறகுதான் தன் பாதைக்கு வரும்.
றெமீஜியஸ் போனில் பிடித்து மெதுவாக ஓடவிட்டான்.
பண்ணைப் பாலத்தடியில்
திரளி ஒன்று துள்ளின மாதிரி.
நாலு தரம் போட்டுப் பார்த்தோம்.
கச்சான் முடிந்துவிட்டது.

அந்தக் கிழமைதான்
தமிழ் படிப்பிக்கும் அற்புதராணி ரீச்சர்
புதுப் பல்லோடு திரும்பி வந்தார்.
"கடிக்குது, சப்புது, எல்லாம் சரி.
'ழ' மட்டும் வருகுதில்லை.
யாழ்ப்பாணம் எண்டு சொல்ல
யாரோ பாணம் எண்டு கேக்குது, பிள்ளையள் சிரிக்குதுகள்."
நீலக் கடதாசியைக் கடிக்கச் சொன்னேன்.
கடைவாயில் ஒரு புள்ளி, மயிரிழை உயரம்.
அதை அராவி, அண்ணத்திலும் கொஞ்சம் தேய்த்தேன்.
"நாளைக்கு வாங்கோ, நாக்குப் பழகட்டும்."

இரவு, குருநகர் வான்கோழி இறகு,
தண்டுக்கு மூன்று,
தையல் நூலால் வரிந்து கட்டினேன்.
அடுத்த ஞாயிறு ஐந்து அம்பு
ஒரு கோப்பை வாய்க்குள் அடங்கின.
நாலாம் இலக்கம் மட்டும் இடம்.
பாரத்தை மாற்றினேன், இடம்.
தண்டை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், இடம்.
"உனக்கு அதைப் பிடிக்கேல்ல,
அதுக்கும் விளங்கீட்டுது" என்றான் றெமீஜியஸ்.

சட்டைப் பையில் ரீச்சர் கடித்த
கடதாசியின் மிச்சம் கிடந்தது.
நாலாம் இலக்கத்தின் இறகடியில்,
நூல் வரிந்த இடத்தில், சுற்றிப் பூசினேன்.
இழுத்தேன். விட்டேன். இடம்.
இந்தமுறை அம்பைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தேன்.
அம்பு படுத்திருந்த சுட்டுவிரல் மொழியில்
நீலமாய் ஒரு கீறு.

முடிச்சு. எள்ளளவு.
ஐந்து தண்டில் வெளிப்பக்கம் போட்டதை
ஆறாவதில், நித்திரைத் தூக்கத்தில்,
கைப்பக்கம் போட்டிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும்
என்னில் தட்டித்தான் போயிருக்கிறது.
தண்டைப் போட்டுத் தேய்த்த ஒரு கிழமை!

திங்கட்கிழமை ரீச்சர் கதிரையில் ஏறமுதல்
வாசலில் நின்றே சொன்னார்: யாழ்.
பேந்து, பழம். பேந்து, தாழ்ப்பாள், பாழ், கூழ்,
நிற்பாட்ட மனமில்லாமல்.
என் கையைக் கண்டதும்,
"உதென்ன, அடிபட்டதோ?"
"உங்கட மைதான் ரீச்சர்."
அவருக்கு விளங்கவில்லை.
நானும் சொல்லப் போகவில்லை.

முடிச்சை அவிழ்த்து மாற்றிக் கட்டி
நாலாம் இலக்கத்தை வைத்து இழுத்தேன்.
மறந்துபோனேன்,
வீணாகத் தேய்த்ததில் அது
மற்றதுகளிலும் இலேசு என்பதை.
உரப்பைக்கு மேலால் ஒரு முழம்
எழும்பிப் பறந்து
வெளிக்குள் எங்கேயோ விழுந்தது.

மடியிலிருந்து கோது உதிர எழும்பி
றெமீஜியஸ் தேடிக்கொண்டு நடக்கிறான்.
அரைவாசித் தூரத்தில் திரும்பிக் கத்துகிறான்:
"நேராத்தானடா போனது!"